பேரிக்காய் தின்ற பார்டர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றி அடித்து அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன்; கற்பூரம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். பொய் ஜோடிப்பதென்றால் ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். எனக்கு இடுப்புப் பிடிப்பு. அவ்வளவு நேரம் உட்கார முடியாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை நெசவாளர் சாமுவேல் மதியத் தூக்கத்திலிருந்து கண் விழித்தபோது, தறியில் இருந்த புடவையின் முந்தியில் ஒரு பேரிக்காய் குறைந்திருந்தது.

முதலில் அவர் கண்ணைச் சந்தேகப்பட்டார். பிறகு கண்ணாடியைச் சந்தேகப்பட்டு, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். காலையில் அவர் கையாலேயே நெய்த காய். மயில்கழுத்து நிறப் பட்டில், ஜரிகைக் கிளையின் நுனியில், மஞ்சளாக, குண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது காம்பு மட்டும் இருந்தது. காம்புக்குக் கீழே வெறும் மயில்கழுத்து நிறம்.

அந்தக் கிளைக்கு நேர் கீழே பார்டரில் ஜரிகை யானைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு யானை மட்டும் வரிசையை விட்டு இறங்கி, ஒரு கை அளவுக்கு உள்ளே வந்து நின்றது. எதையும் அறியாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கன்னம் உப்பியிருந்தது.

"ரேணு! கொஞ்சம் இங்க வாயேன்."

மனைவி ரேணுகாம்பாள் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தார். "இன்னாய்யா?"

"இந்த யானை பேரிக்காயைத் துன்னுட்டுதுமே."

"சோத்துக்கு மேல பேரிக்கா துன்னாதே, கனா வரும்னு சொன்னேனா இல்லியா?"

"கனா இல்ல. நீயே பாரு. கன்னத்தைப் பாரு, எப்படி உப்பிக்கினு இருக்குது."

ரேணுகாம்பாள் பார்த்தார். "உன் கன்னந்தான் உப்பிக்கினு இருக்குது. வாயில இருக்கறத மொதல்ல முழுங்கு."

சாமுவேல் முழுங்கினார். பிறகும் யானையின் கன்னம் உப்பித்தான் இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அது விற்பனைக்கு நெய்த புடவையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். அது அவருடைய மகள் சுகாசினியின் கல்யாணப் புடவை. சுகாசினி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே டேனியல் என்ற பையனைப் பார்த்தாள். டேனியலும் பார்த்தான். டேனியலின் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டே போய்ச் சேருகிற இடம். அங்கே அவன் வீட்டு வாசலில் ஒரே ஒரு பேரி மரம். அந்த மரமும் டேனியலின் அம்மா கிருஷ்ணவேணியும்தான் அந்த வீட்டை ஆள்கிறார்கள்.

கல்யாணப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். கிருஷ்ணவேணி போனில் அழைத்தார்.

"சம்பந்தி, எங்க வீட்டுக்கு வர்ற மருமக முந்தியில எங்க மரம் இருக்கணும்ங்க. நீங்களே நெய்யிறவரு. நீங்களே நெய்ஞ்சு குடுத்துருங்க, அதுதான் மரியாதை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியுற நேரத்துக்கு நான் அங்க வந்துருவேன். புடவையப் பார்த்த கையோட தேதி வச்சிரலாம். முடியாதுன்னா மட்டும் கூச்சப்படாம சொல்லிருங்க, கடையில எடுத்துக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் சாமுவேலின் நெஞ்சில் தறியில் ஓடும் நாடா மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓடியது. ஊரில் எத்தனை பெண்கள் அவர் நெய்த புடவையில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள்! அவர் பெண் கடைப் புடவையில் ஆலயத்துக்குள் நுழைவதா? டீக்கடையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "என் பொண்ணு என் தறிப் புடவையிலதான் மோதிரம் மாத்துவா. இல்லேன்னா அப்புறம் நான் தறிக்குழியில காலே வைக்கமாட்டேன்."

டீக்கடையில் சொன்னதை வாபஸ் வாங்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

கிருஷ்ணவேணி மரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காய் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே என்று ஒரு பெட்டிப் பேரிக்காயையும் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். சங்கடம் அந்தப் பெட்டியில்தான் வந்தது. சாமுவேல் ஒரு பொருளைக் கண்ணால் பார்க்காமல் நெய்ய மாட்டார். அது தின்கிற பொருளாக இருந்தால் பார்த்ததோடு நிற்கவும் மாட்டார்.

அது மலைப் பேரிக்காய். கையில் எடுத்தால் கூழாங்கல். கடித்தால் நறநறவென்று சத்தம். அதன் பிறகு சாறு, முழங்கை வரைக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால் ஒன்றோடு நிற்காது. தின்று முடித்துக் கொஞ்ச நேரத்தில் கண் இமைமேல் பனி இறங்கும். ஐயம்பேட்டையில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, ஆவணி வெயிலில், மனிதருக்குப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தூரத்து அருவி மாதிரி ஆகிவிடும். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்குகிற வெளிச்சம் தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவின் மேல் விழுந்து, பாவு முழுவதும் ஓடையாக நெளியும். அந்த மலையிலுள்ள தூக்கத்தையெல்லாம் அந்த மரம் உறிஞ்சிக் காய்க்குள் வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சாமுவேல் தறிப்பலகையில் சாய்ந்தார் என்றால், கண் திறக்கும்போது தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு தூக்கத்தில்தான் அந்த முதல் காய் போயிற்று.

சாமுவேல் யோசித்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து யானை நெய்கிறார். அவர் நெய்த ஒரு யானைகூட வரிசையை விட்டு இறங்கியதாகப் புகார் வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன்?

சட்டென்று அவருக்குப் புரிந்தது. ரேக்கு!

பார்டருக்கும் புடவையின் உடலுக்கும் நடுவே பல் பல்லாக, கோபுரம் கோபுரமாக ஏறி நிற்குமே ஒரு வரிசை, அதற்குத்தான் ரேக்கு என்று பெயர். அது அழகுக்காகப் போடுவது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது வேலி. பார்டரில் மிருகத்தைப் போட்டால் ரேக்கு போடாமல் விடக்கூடாது. இந்தப் புடவையில் சாமுவேல் விட்டிருந்தார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சுகாசினியிடம் அவர் கேட்டார்: "ரேக்கு வேணாம்னு நீதானே சொன்னே?"

"ஆமாம்பா. அது ஓல்டு லுக்கு. ப்ளெயினா இருந்தாதான் ஃபோட்டோல நீட்டா வரும்."

"இப்ப பாரு, யானை உள்ள பூந்துட்டுது."

சுகாசினி பையை இறக்கிவைத்துவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எம்மா, அப்பா மத்தியானம் எத்தினி பேரிக்கா துன்னாரு?"

"அதை ஏன் என்னைக் கேக்கறே? பெட்டியைக் கேளு" என்றார் ரேணுகாம்பாள்.

மறுநாள் காலை சாமுவேல் ஒரு தந்திரம் செய்தார். மஞ்சள் நூலை ஒதுக்கிவிட்டுப் பச்சை நூலை எடுத்தார். கிளை முழுக்கப் பிஞ்சாகவே நெய்தார். துவர்க்கத் துவர்க்க, வாயில் வைத்தால் நாக்கு சுருட்டிக்கொள்கிற பிஞ்சு. எந்த யானையும் அதைத் தொடாது. ரேணுகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ளிக் கரை கோர்த்தார். புருஷன் பச்சை நூலோடு ஏன் சிரிக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்கக் கூடாததை அவர் தெரிந்துவைத்திருந்தார்.

மதியம் சாப்பிட்டு, மாதிரிக்கு ஒரே ஒரு காயைத் தின்றுவிட்டு, சாமுவேல் சாய்ந்தார்.

தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. ஜரிகையின் கண்ணி தெரிவதற்காகத் தாழ்வாகக் கட்டியது. அதை அணைக்க மறந்துவிட்டார். பிஞ்சுகளுக்கு அந்தச் சூடு போதும். வைக்கோலில் பொத்திவைத்த மாதிரி ஒவ்வொன்றாக நிறம் மாறின. பச்சை இளம்பச்சையாயிற்று; இளம்பச்சை மஞ்சளாயிற்று. அறை முழுக்கப் பழுத்த வாசம். அந்த வாசம் படமரத்தில் சுருட்டியிருந்த புடவைக்குள்ளும் போயிற்று. உள்ளே மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடந்த மிச்சப் பார்டருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

அவர் விழித்தபோது யானையோடு இரண்டு குதிரைகள் இருந்தன. ஒரு மான் பின்னங்காலில் நின்று எட்டிக்கொண்டிருந்தது. மேல் பார்டரிலிருந்து கிளிகள் தலைகீழாக இறங்கியிருந்தன. கீழ்க் கிளையில் காயே இல்லை.

"ரேணு! குதிரையும் வந்துட்டுதுமே."

"வரட்டும். ஒலை வெச்சிருக்கேன். குதிரைக்கும் சேத்து வடிக்கட்டுமா?"

"வெளையாடாதே. காலையில நெய்ஞ்சதெல்லாம் போச்சு."

ரேணுகாம்பாள் வந்து முந்தியைப் பார்த்தார். "நேத்து இருந்த எடத்துலயேதானே இருக்குது?"

"அதைத்தானே சொல்றேன். காலையில நான் நெய்யறேன், மத்தியானம் அதுங்க துன்னுதுங்க. எப்படி ஏறும்?"

இந்தக் கணக்கில் எந்தத் தப்பும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது வேலி. முதலில் விட்டதை இப்போதாவது போடலாம் என்று, முந்தியின் ஓரத்தில் மட்டும் நெருக்கமாக ரேக்கு நெய்தார். கெட்டியான ஜரிகை, ஒவ்வொரு கோபுரமும் ஊசி மாதிரி. முடித்துவிட்டு யானையைப் பார்த்து, "இப்ப வாடா ராஜா" என்றார். யானை ஒன்றும் சொல்லவில்லை. பட்டு யானை அவசரப்படாது.

மதியத் தூக்கத்தில் அவருக்கு ஏதோ சாய்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, நிதானமாக, கரும்பு முறிவது போல. எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தார். ஆனால் கண்ணின்மேல் பனி இருந்தது. பனிக்கு மேல் ஒரு கம்பளி இருந்தது. கண் திறந்தபோது கோபுரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. கருடசேவைக் கூட்டம் கலைந்த பிறகு சவுக்குக்கட்டைத் தடுப்பு கிடக்குமே, அந்த மாதிரி. மேலே நடுக் கிளையும் காலி.

சுகாசினி அன்று சாயங்காலம் அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்: "எம்மா, அத்தை சண்டே வர்றாங்க. முந்தி பாதிகூட வரல. கடையிலயே எடுத்துடலாம்னு அப்பாகிட்ட சொல்லேன். எனக்கு ஓகேதான்."

அது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. சாமுவேல் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு ஓகேமா. எனக்கு வேணுமே" என்றார். ரேணுகாம்பாள் உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினார்.

விடிந்ததும் சாமுவேல் பார்டர் யானையிடம் நேரிலேயே பேசினார்.

"இதோ பாருபா. இது யாரோ வூட்டுப் புடவை இல்ல. என் பொண்ணு கல்யாணம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. அப்பாலிக்கு நீ இன்னா கேட்டாலும் தரேன்."

யானை கண்ணை மூடித் திறந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சாமுவேலுக்குத் தெரிந்தது. பசி. பசித்த மிருகத்துக்கு வேலியும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. வயிறு நிறையப் போட்டுவிட்டால்?

பெட்டியில் காய் தீர்ந்திருந்தது. சாமுவேல் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஃபைசலிடம் போனார்.

"ஃபைசலு, பேரிக்கா இருக்குதா?"

"இருக்குது மாமா. யாருக்கு? வூட்ல ஒடம்பு சரியில்லியா?"

"யானைக்கு."

ஃபைசல் வியாபாரி. வாங்குகிறவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. "யானைக்குன்னா கெட்டியா தரேன். கனிஞ்சது அதுக்குப் பல்லுல ஒட்டும்."

"குதிரையும் இருக்குது."

"குதிரைக்குக் காம்பைக் கிள்ளிட்டுக் குடுங்க மாமா."

"மானு?"

"மானுக்கு வெட்டித்தான் குடுக்கணும், வாயி சின்னது. கிளிக்குச் சொல்லவே வேணாம், அது பாதி துன்னுட்டு பாதி கீழ போடும். கூட ரெண்டு போட்டுத் தரேன்."

உலகத்தில் தன்னை நம்புகிற ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நிறைவோடு சாமுவேல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பட்டில் சாறு படக்கூடாது. ஆகையால் காய்களை அலம்பி, ஃபைசல் சொன்னபடி காம்பு கிள்ளியும் வெட்டியும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தைத் தறிப்பலகையில் பார்டர் பக்கமாக, தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். ஓரத்தில் உப்பு மிளகாய்த்தூளும் வைத்தார், கிளிகளுக்கு.

அன்று மதியம் அவர் கண்ணை முழுக்க மூடவில்லை. பாதி மூடியிருந்தார். அந்தப் பாதியில் அவர் பார்த்தது இது: கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்தில் தூசி பொன்னாக மிதந்தது. யானை பார்டரிலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தது. நூல் அறவில்லை, குளத்தில் இறங்குவது போல இறங்கியது. அதன் பின்னால் குதிரைகள், பிடரியில் ஜரிகை மினுங்க. மான் கடைசியில், கூச்சத்தோடு. எல்லாம் தாம்பாளத்தைச் சுற்றி நின்று தலை குனிந்து தின்றன. நறநற, நறநற. ஒரு சின்ன மழை தகரத்தில் பெய்கிற மாதிரி. யானை நடுவில் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அவருக்கும் ஒரு துண்டை நீட்டியது. வாங்கிக்கொள்ளாவிட்டால் மரியாதை இல்லை என்று அவரும் வாயைத் திறந்தார்.

"இந்தாய்யா, எழுந்திரு. தட்டுல ஒண்ணுகூட இல்ல. இன்னாய்யா இது?"

"பார்த்தியா! எல்லாம் துன்னுட்டுதுங்க!"

"உன் பனியனெல்லாம் சாறு."

"யானை தும்பிக்கையால பீச்சியிருக்கும்."

"தாடியில தோலு ஒட்டிக்கினு இருக்குது."

சாமுவேல் தாடியைத் தடவிப் பார்த்தார். "குதிரை முத்தம் குடுத்திருக்கும்மே. பாசமான ஜீவன்."

"மிளகாத்தூளு உன் மீசையில இருக்குது."

"அது கிளி."

ரேணுகாம்பாள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது சாமுவேல் இருந்த பக்கத்திலிருந்து தெரியவில்லை.

வயிறு நிறைந்தால் மிருகங்கள் வரிசைக்குத் திரும்பிவிடும் என்பதுதான் திட்டம். திரும்பின. ஆனால் பழைய இடம் இப்போது அவற்றுக்குப் போதவில்லை. ஒவ்வொரு யானையும் இரண்டு யானை ஆகியிருந்தது. பார்டர் பிதுங்கிக்கொண்டு உடலுக்குள் ஏறியது. குதிரைகளால் நடக்க முடியவில்லை; உட்கார்ந்துவிட்டன. மான் பக்கவாட்டில் படுத்துக் கண் மூடிவிட்டது. நடுவில் அந்தப் பெரிய யானை, சாய்ந்த வேலிமேல் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தும்பிக்கையில் மிச்சம் ஒரு பேரிக்காயோடு உட்கார்ந்திருந்தது.

சாமுவேல் குழியில் இறங்கி மிதித்தார். மேலே, மிதித்தால் பாவு நூலைத் தூக்குகிற ஜக்கார்டுப் பெட்டி முனகியது. பாவைத் தூக்கவில்லை. பலம்கொண்ட மட்டும் மிதித்தார். பெட்டி "க்ர்ர்" என்றது; தூக்கவில்லை. தூக்காதுதான். பேரிக்காய் தின்ற யானை ஏறி உட்கார்ந்திருக்கிற பாவை எந்தப் பெட்டி தூக்கும்?

"காலு மரத்துப்போச்சா?" என்று கேட்டார் ரேணுகாம்பாள்.

"இல்லமே. யானை எழுந்துக்க மாட்டேங்குது."

அந்த நேரத்தில் போன் அடித்தது. கிருஷ்ணவேணி. "சம்பந்தி, நாங்க பஸ் ஏறிட்டோங்க. காலையில அங்க இருப்போம். புடவை ரெடிதானுங்களே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் சாமுவேல். அதனால் போனை ரேணுகாம்பாளிடம் கொடுத்தார். "எல்லாம் ரெடி சம்பந்தி. பத்திரமா வாங்க" என்றார் ரேணுகாம்பாள்.

போனை வைத்த பிறகு சாமுவேல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாருக்கும் நெய்ஞ்சு குடுத்தேன், ரேணு" என்றார்.

"தெரியும்யா."

"டீக்கடையில வேற சொல்லிட்டேன்."

"தெரியும். பையில ஒரே ஒரு பேரிக்கா இருக்குது. துன்னுட்டுப் படு. நான் பாத்துக்கறேன்."

அவர் தின்றார். தறிக்குழிக்குள் பனி இறங்கியது. குழியின் அடி தெரியவில்லை; கீழே கீழே சரிவாகப் புல்லும் ஈரமும். அவர் காலால் மிதிக்க மிதிக்க மலை ஏறியது. வழியெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் மேகம். மேலே ஒரு வாசல், வாசலில் ஒரு மரம். அதில் ஒவ்வொரு காயும் ஒரு குட்டி விளக்காக எரிந்தது. சுகாசினி அதன் கீழே நின்று ஒரு யானைக்குக் காய் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடுத்திய புடவை முடியவே இல்லை. சரிவு முழுக்க ஓடி, ஓடையாகிக் கீழே இறங்கி, பாலாறு வரைக்கும் போனது. "அப்பா, ரொம்ப லைட் வெய்ட்டுபா" என்றாள்.

அந்த நேரத்தில் ரேணுகாம்பாள் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை.

"எழுந்திருய்யா. புடவை முடிஞ்சுது."

சாமுவேல் துள்ளி எழுந்தார்; ஞாயிற்றுக்கிழமை விடிந்திருந்தது. எதிரே பாயில் புடவை. அழகாக மடித்து, மேலே ஒரு மல்லிகைச் சரத்தோடு.

"அறுத்து, மடிப்புக்குக் குடுத்து வாங்கியாந்துட்டேன்."

"நீ ஒண்டியாவா நெய்ஞ்சே?"

"நீ தூக்கத்துலயும் மிதிச்சிக்கினேதான் இருந்தே. நான் நாடா விட்டேன்."

தறியின்மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. "கண்ணு படும்" என்றார் ரேணுகாம்பாள், அவர் கேட்பதற்கு முன்பே. சாமுவேல் முந்தியை விரித்தார். எல்லாம் இருந்தது. மரம் இருந்தது. சாய்ந்த வேலி இருந்தது. கடித்துப் போட்ட காய்கள் கீழே இறைந்து கிடந்தன. குதிரைகள் உட்கார்ந்திருந்தன. மான் தூங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய யானை, காலை நீட்டிக்கொண்டு, தும்பிக்கையில் ஒரு பேரிக்காயோடு.

"ஐயையோ! இதை எப்படிமே அந்தம்மாகிட்ட காட்டறது? ஒரு காய்கூட முழுசா இல்லியே!"

காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. ஆராதனை முடிந்து வந்த கிருஷ்ணவேணி, தண்ணீர்கூடக் குடிக்காமல், கூடத்தில் உட்கார்ந்து புடவையை மடியில் விரித்தார். டேனியல் கூரையைப் பார்த்தான். சுகாசினி டேனியலைப் பார்த்தாள். சாமுவேல் தரையைப் பார்த்தார்.

கிருஷ்ணவேணியின் விரல் மரத்தைத் தடவி, காயைத் தடவி, வேலியைத் தடவி, யானையின் வயிற்றில் வந்து நின்றது. பிறகு அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சம்பந்தி, நீங்க எங்க ஊருக்கு வந்ததே இல்லைதானே?"

"இல்லீங்க" என்றார் சாமுவேல், சாகத் தயாராக.

"அப்புறம் எப்படிங்க இது தெரிஞ்சுது? வருசா வருசம் இதேதான். காட்டெருமை வேலியைச் சாச்சுப்பிட்டு உள்ள வந்துரும். குதிரைக்காரங்க குதிரையெல்லாம் மரத்தடியிலதான். நாங்க பறிக்கிறது பாதி, அதுங்க திங்கறது பாதி. திங்கட்டும்னு எங்க மாமனாரே விழுந்த காயைப் பொறுக்கிப் போடுவாரு. காய் முழுசா தொங்குற மாதிரி நெய்ஞ்சிருந்தீங்கன்னா அது ஏதோ காலண்டர்ல வர்ற மரம். இதுதாங்க எங்க வீட்டு மரம்."

அங்கேயே, அந்த நிமிஷமே, தேதி வைத்தார். புடவையை எடுத்துச் சுகாசினியின் தோளில் போட்டார். சாமுவேல் வாசலுக்குப் போய், மூக்கைச் சிந்துகிற மாதிரி அழுதுவிட்டு, டீக்கடைப் பக்கம் பார்த்து ஒரு முறை தலை நிமிர்ந்துவிட்டு வந்தார். காஞ்சிபுரத்தில் அவர் போல் மார்பை நிமிர்த்தி நடந்த நெசவாளர் அன்று இல்லை.

செய்தி தெரிந்து ஃபைசல் ஒரு தட்டு நிறையப் பேரிக்காய் கொடுத்தனுப்பியிருந்தான். அதை எடுத்துக்கொண்டு வந்தவள் அவனுடைய தங்கை நிக்கத். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். தட்டை வைத்துவிட்டு, சுகாசினியின் தோளில் இருந்த முந்தியைக் கையில் எடுத்து ஆசையாகப் பார்த்தாள்.

"செம செலக்‌ஷன் ஆன்ட்டி" என்றாள் ரேணுகாம்பாளிடம். "இதே யானை, இதே ஒடைஞ்ச வேலி, மெரூன்லயும் எங்க கடையில இன்னிக்கு வந்து எறங்கியிருக்குது."